குழந்தையின் மிச்சம்தான் அம்மாவின் சாப்பாடா?

மகனுக்கு எட்டு மாதம், தாய்ப்பாலும் தருகிறேன். அவன் மிச்சம் வைக்கும் பருப்புச் சாதம்தான் பல நாள் எனக்குச் சாப்பாடு. நடுவில் டீ, பிஸ்கட். எடை ஏறுகிறது, ஆனால் எழுந்தால் கண்ணை இருட்டுகிறது. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் போடவேண்டிய இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

எடைக்குக் காரணம் அந்த மிச்சமும் பிஸ்கட்டும். குழந்தைக்கென்று பிசையும்போது நெய் தாராளமாக விழும். ஒரு டீஸ்பூனிலேயே 45 கலோரி. இந்த வயதில் ஒரு வேளைக்கு 250 மி.லி. கப்பில் பாதி போதும். கிண்ணம் நிறையப் பிசைந்தால் மீதி உங்கள் வயிற்றுக்குத்தான் போகும். இரண்டு மேசைக்கரண்டி வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். அவன் எச்சில் பட்டதை எடுத்துவைத்து அடுத்த வேளைக்கு ஊட்டக் கூடாது. கொட்ட மனசு வராதுதான்; அதனால்தான் குறைவாகப் பிசையச் சொல்கிறோம்.

பால் கொடுக்கும் உங்களுக்கு இப்போது தினமும் சுமார் 520 கலோரி கூடுதலாக வேண்டும். சாம்பாரோடு இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை சாப்பிட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும். அவனுக்கு ஊட்டுவதற்கு முன்பே, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

குழந்தைக்குத் தனி, எங்களுக்குத் தனி என்று இரண்டு சமையல் முடியவில்லை. இரவில் ஹோட்டல் பார்சல்தான். வழி உண்டா?
– வாசகர், ஓசூர்

சாம்பார் வைத்தாலே போதும். குக்கரின் ஒரு அடுக்கில் துவரம்பருப்பு, இன்னொன்றில் பூசணியும் கேரட்டும், மேலே சாதம். எதிலும் உப்புப் போடாதீர்கள். ஒரு வயது வரை குழந்தைக்கு உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். விசில் அடங்கியதும் அவன் பங்கை எடுத்து மசித்துவிடுங்கள். புளிக்கரைசலில் உப்பும் சாம்பார்ப்பொடியும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, மீதிப் பருப்பையும் காயையும் கடைசியில் சேர்த்தால் உங்களுக்கும் ஆயிற்று.

பழக்கதோஷத்தில் காயில் உப்பு விழுந்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குப் பருப்பும் சாதமும் மட்டும். காரக் குழம்பை வெந்நீர் விட்டு நீர்க்கச் செய்து ஊட்டுவது வேண்டவே வேண்டாம். காரம் குறையலாம், உள்ளே போகும் உப்பு போகத்தான் செய்யும்.