12,000 கிலோமீட்டர் – கடிதம்

வணக்கம் ஐயா,

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘சூர்யா’ ஏவுகணை பற்றித் தினமும் செய்தி வருகிறது. 12,000 கிலோமீட்டர் பாயும், அமெரிக்காவரை போகும் என்கிறார்கள். அரசு மறைத்து வைத்திருக்கிறதா? செயற்கைக்கோள் ஏவும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் நம் கையில் இருக்கும்போது அதன் தலையில் ஒரு குண்டை வைத்தால் போதாதா? சோதனைக்காக வங்கக் கடலில் வான்வழியை மூடும் அறிவிப்பின் வரைபடம் ஒன்றை இணைத்திருக்கிறேன், சிவப்புப் பட்டை எவ்வளவு நீளம் பாருங்கள். நீங்கள் ஏன் இதைப் பற்றிப் பெருமையாக ஒரு வரிகூட எழுதுவதில்லை? ஏவுகணை செய்யும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வில் சேர என்ன படிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எனக்குத் தெரியாது. உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். ஆசை நல்ல ஆசைதான், விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவை விட்டுவிடுங்கள்.

சூர்யா என்ற பெயரைத் தொண்ணூறுகளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரில் இதுவரை எதுவும் ஏவப்பட்டதில்லை, அரசு அதை அதிகாரபூர்வமாக உறுதி செய்ததும் இல்லை. ஏவப்பட்டது அக்னி-5. 2012 ஏப்ரல் 19 அன்று முதல் சோதனை. 5,000 கிலோமீட்டருக்கு மேல் என்றது நம் அரசு. இல்லை, 8,000 போகும், இந்தியா குறைத்துச் சொல்கிறது என்றார் ஒரு சீன ராணுவ நிபுணர். இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தூரம் என்பது ஏவுகணையின் உடம்பில் பொறித்த எண் அல்ல. தலையில் ஏற்றும் பாரத்தைக் குறைத்தால் தூரம் கூடும். 5,500 கிலோமீட்டரைத் தாண்டினால் ‘கண்டம் விட்டுக் கண்டம் பாயும்’ ஏவுகணை என்பது அமெரிக்காவும் சோவியத்தும் தங்கள் ஒப்பந்தத்துக்காகப் போட்டுக்கொண்ட கோடு. அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சண்டை போட எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் அந்த பி.எஸ்.எல்.வி. விஷயத்தை விடமாட்டேன். பொறியியல் படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? பி.எஸ்.எல்.வி. ஏறத்தாழ 320 டன். ஸ்ரீஹரிகோட்டாவில் எல்லோரும் பார்க்க நிமிர்ந்து நிற்கும். அதன் இரண்டாம், நான்காம் கட்டங்களில் திரவ எரிபொருள். ஏவுவதற்கு முன்னால் அவற்றை நிரப்பி, மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எதிரி அதுவரை டீ குடித்துக்கொண்டிருப்பானா? இன்னொரு ராக்கெட்டான ஜி.எஸ்.எல்.வி.யின் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) இயந்திரத்தை வைத்துச் சூர்யா செய்கிறார்கள் என்று இன்னொரு கதையும் உங்கள் குழுவில் வந்திருக்கும். அதற்கு ஊற்றும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் இருக்க வேண்டியது. நிரப்பிய நிமிடத்திலிருந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். அக்னி-5 சுமார் 50 டன், மூன்று கட்டமும் திட எரிபொருள். உறைக்குள் அடைத்து லாரியில் ஏற்றினால் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், சொன்னால் சில நிமிடங்களில் கிளம்பும். அதோடு, விண்ணுக்குப் போகிற ராக்கெட் தன் சுமையை மேலேயே விட்டுவிடுகிறது. ஏவுகணை கீழே இறங்கியாக வேண்டும், ஒலியைப்போல் இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில், காற்றோடு உரசி, சில ஆயிரம் டிகிரி சூட்டில், உள்ளே இருப்பது வேகாமல். பாதிக் கஷ்டம் அங்கேதான். ஒன்றுக்கொன்று உறவே இல்லை என்று சொல்லவில்லை. 1980-இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துபோன எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் கட்டம்தான் 1989-இல் முதல் அக்னியின் அடிப்பாகம் ஆனது. அண்ணன் தம்பிதான், ஆனால் தொழில் வேறு.

வதந்தியில் யாருக்கு லாபம் என்று கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். தொத்திறைச்சி சுற்றுவதுபோல் ஏவுகணைகளைச் செய்து தள்ளுகிறோம் என்றார் சோவியத் தலைவர் குருஷேவ். ரஷ்யாவிடம் பின்தங்கிவிட்டோம் என்று சொல்லியே 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்குக் கேட்டார் கென்னடி. 1961-இல் உளவுச் செயற்கைக்கோள் படங்களை எண்ணிப் பார்த்தால், ரஷ்யர்களிடம் இருந்த கண்டம் பாயும் ஏவுகணைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இல்லாத ஏவுகணையால் இரண்டு பேருக்கும் காரியம் ஆயிற்று.

சரி, உங்கள் வரைபடம். அந்தச் சிவப்புப் பட்டை எங்கே முடிகிறது என்று பார்க்கிறீர்கள். என் கண் அது தொடங்கும் இடத்துக்குத்தான் போகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் ஒடிசாவில் பாலசோரில் வேலை பார்த்தேன். பக்கத்திலேயே சந்திப்பூர் ஏவுதளம். அங்கே கடல் ஒரு விசித்திரம். வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கிவிடும். ஈர மணலில் குதிரை லாட நண்டுகள் கவிழ்ந்து கிடக்க, பிள்ளைகள் வாலைப் பிடித்துத் தூக்கி விளையாடுவார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு பாலியாபால் பக்கம் ஊர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். எண்பதுகளில் அங்கே பெரிய சோதனைத்தளம் கட்டப் போகிறோம் என்று அரசு சொன்னபோது மக்கள் சாலையை அடைத்துவிட்டார்கள். அரசு வண்டி தெரிந்தால் சங்கு ஊதுவார்கள், தட்டில் அடிப்பார்கள், ஊரே வந்து குறுக்கே படுக்கும். தளம் அங்கே வரவே இல்லை.

சந்திப்பூரில் அப்படி இல்லை. சோதனை நாளில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு முகாமுக்குப் போக வேண்டும், ஒரு நாள் படி கொடுப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான். 2024 ஜூலையில் ஒரு சோதனைக்குப் பத்து கிராமங்களிலிருந்து 10,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். (அக்னி கிளம்பும் தீவுக்குப் பக்கத்தில் ஆமைகள் முட்டையிடுகின்றன. அவற்றுக்காகச் சோதனைகளைத் தள்ளிவைத்ததும் உண்டு. அதில் எனக்கு மகிழ்ச்சியே.)

அப்படி ஒரு நாள் அந்த நண்பரோடு முகாமுக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட வராந்தா. ஒரு பெண் இரண்டு கோழிகளின் காலைச் சேர்த்துக் கட்டிக் கூடையில் வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர். எனக்கு வயது இருபத்தைந்து, கிட்டத்தட்ட உங்களைப் போலவே இருந்தேன். என் அரைகுறை ஹிந்தியில், இது எவ்வளவு தூரம் போகும் தெரியுமா என்று அவரிடம் பெருமையாக ஓர் எண்ணைச் சொன்னேன். அதை யார் எனக்குச் சொன்னார்கள் என்பது இப்போது ஞாபகமில்லை. அன்றைக்கு எதை ஏவினார்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “திரும்பி வருமா?” என்றார்.

“வராது.”

“அப்படியானால் நான் கிளம்புகிறேன். மாட்டை அவிழ்க்காமல் வந்துவிட்டேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்ற காவலர் அவரை விடவில்லை.