4 வருஷமா ஒரே மாதிரி ஏபிஐ எழுதுறேன், அடுத்து என்ன கத்துக்கறது?

கேள்வி: சோழிங்கநல்லூர்ல ஒரு சர்வீஸ் கம்பெனில பேக்எண்ட் டெவலப்பரா இருக்கேன். ஜாவா, ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். 4 வருஷம் ஆச்சு, வர்ற டிக்கெட் எல்லாமே ஒரு டேபிள், நாலு ஏபிஐ, அவ்ளோதான். புராடக்ட் கம்பெனி இன்டர்வியூல ரெண்டாவது ரவுண்டைத் தாண்ட முடியல. கோ லாங்வேஜ் கத்துக்கவா, காஃப்கா (மெசேஜ் வரிசைல வச்சு அனுப்பற டூல்), குபர்னட்டீஸ் (ஆப்ஸ நிறைய சர்வர்ல ஓட்டி மேய்க்கிற டூல்) பக்கம் போகவா, இல்ல 70 ஆயிரம் கட்டி ஏஐ கோர்ஸ் சேரவா?

பதில்: மூணுமே இப்போதைக்கு வேணாங்க. கோ நல்ல லாங்வேஜ்தான், 2009ல கூகுள் வெளியிட்டதுலேர்ந்து பேக்எண்ட் பக்கம் நல்லா காலூன்றிடுச்சு, ஆனா ரெண்டாவது ரவுண்டுல எதிர்ல உக்காந்திருக்கறவர் லாங்வேஜா கேக்குறார், "இந்த ஏபிஐ திடீர்னு ஸ்லோ ஆகுது, எங்கேர்ந்து பாக்க ஆரம்பிப்பீங்க"ன்னுதானே கேக்குறார், அதுக்கு ஜாவாவுல பதில் தெரியலன்னா கோவுலயும் தெரியப்போறதில்ல. உங்களுக்கு வேண்டியது நீங்க தெனமும் தொடுற கோடுக்குக் கீழயே இருக்கு. நமக்காக எஸ்க்யூஎல்ல தானே எழுதிக்கிற ஹைபர்னேட் எல்லாத்தையும் மூடி வச்சிருக்கறதால டேட்டாபேஸ்ல என்ன நடக்குதுன்னு பாக்காமலே வருஷக்கணக்குல வேலை பாத்துடலாம், நிறைய பேர் அப்படித்தான் பாக்குறாங்க.

ஒண்ணே ஒண்ண கிட்டப் போய்ப் பாப்போம். ஆர்டர் போடுற ஒரு மெத்தட், மேல டிரான்சாக்‌ஷனல்னு அனோட்டேஷன், அதாவது உள்ள நடக்கற டேட்டாபேஸ் வேலை எல்லாம் ஒண்ணா முடியணும், இல்லன்னா எதுவுமே நடக்கக்கூடாதுன்னு ஒரு குறிப்பு, மெத்தட் முடியற வரைக்கும் கனெக்‌ஷன விடாது. உள்ள ஆர்டரை சேவ் பண்ணுது, அப்படியே பேமென்ட் கேட்வேயக் கூப்பிடுது, பதில் வந்ததும் ஸ்டேட்டஸ் மாத்துது. பாக்க ஒரு தப்பும் தெரியாது, டெஸ்ட்லயும் பாஸ். ஆனா கேட்வே பதில் சொல்ல 3 செகண்ட் எடுத்துக்கிட்டா அந்த 3 செகண்டும் ஒரு டேட்டாபேஸ் கனெக்‌ஷன் சும்மா பிடிச்சு வச்ச மாதிரியே நிக்கும். ஸ்பிரிங் பூட் 2லேர்ந்து கூடவே வர்ற, திறந்த கனெக்‌ஷன சேத்து வச்சு கடன் குடுக்கற ஹிக்காரி பூல்ல நீங்க மாத்தலன்னா அதிகபட்சம் 10 கனெக்‌ஷன்தான். கணக்குப் போடுங்க, 10 கனெக்‌ஷன், ஆளுக்கு 3 செகண்ட், ஆக செகண்டுக்கு மூணு ஆர்டர் சொச்சம்தான் தாண்டும். இந்தப் பக்கம் ரிக்வெஸ்ட்ட வாங்கற டாம்கேட் சர்வர் 200 த்ரெட் திறந்து வச்சு வா வான்னு கூப்பிட்டுட்டு இருக்கு. மிச்ச ரிக்வெஸ்ட் எல்லாம் வரிசைல நின்னு, 30 செகண்ட் தாண்டினதும் கனெக்‌ஷன் இல்லன்னு எக்செப்ஷன். வேடிக்கை என்னன்னா சிபியு, டேட்டாபேஸ் ரெண்டுமே அப்போ சும்மாதான் கிடக்கும், அதனால டேஷ்போர்டப் பாத்தா ஒண்ணும் புரியாது.

உடனே யாராவது பூல் சைஸை 100 ஆக்குன்னு சொல்வாங்க பாருங்க. போஸ்ட்கிரெஸ் டிஃபால்ட்டா மொத்தமே 100 கனெக்‌ஷன்தான் குடுக்கும், அதுவும் சிலது சூப்பர்யூசருக்குன்னு ஒதுக்கி வச்சது, ஆப் ரெண்டு இன்ஸ்டன்ஸ் ஓடினா ரெண்டாவது என்ன பண்ணும்?

சரியான வழி, ஆர்டரை பெண்டிங்னு சேவ் பண்ணி கமிட் பண்ணிடறது, கேட்வேய டிரான்சாக்‌ஷனுக்கு வெளிய கூப்பிடறது, பதில் வந்ததும் இன்னொரு சின்ன டிரான்சாக்‌ஷன்ல ஸ்டேட்டஸ் மாத்தறது. இப்போ புதுசா கேள்வி வரும். பணம் போயிடுச்சு, ஸ்டேட்டஸ் மாத்தறதுக்குள்ள ஆப் செத்துப்போச்சு, அப்போ? பெண்டிங்லயே நிக்கிற ஆர்டரத் தேடி கேட்வேகிட்ட திரும்ப விசாரிக்கிற ஒரு ஜாப் வேணும். திரும்ப அனுப்புறப்போ ரெண்டு தடவ பணம் எடுத்துடக்கூடாதே, அதுக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறாத ஒரு ஐடெம்பொட்டன்சி கீ (இது பழைய ரிக்வெஸ்ட்தான்னு கேட்வே கண்டுபிடிக்கிற அடையாளம்) வேணும். ஒரு மெத்தடப் பிரிக்கப் போய் நீங்க பயப்படுற சிஸ்டம் டிசைன் ரவுண்டுல பாதிக்கு வந்துட்டீங்க. காஃப்கா எதுக்குன்னு இந்த இடத்துல நின்னு பாத்தாத்தான் புரியும், டுடோரியல் பாத்தா இன்ஸ்டால் பண்ண மட்டும்தான் வரும்.

வீட்ல பழக பெருசா ஒண்ணும் வேணாம். லேப்டாப்ல போஸ்ட்கிரெஸ் போட்டு வரிசையா நம்பர் உண்டாக்கற ஜெனரேட் சீரீஸ் ஃபங்ஷன வச்சு 50 லட்சம் ரோ தள்ளுங்க, ஏன்னா 200 ரோ இருக்கற டேபிள்ல எந்தக் கொயரியும் வேகமாத்தான் ஓடும். அப்புறம் கொயரி எப்படி ஓடுதுன்னு காட்டற எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு சீக்வென்ஷியல் ஸ்கேன் (டேபிள் முழுசையும் படிக்கறது) எங்க வருது, இண்டெக்ஸ் (புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கற சொல்லடைவு மாதிரி) போட்டா எப்படி மாறுதுன்னு பாருங்க. ஈமெயில் காலம்ல (நெடுவரிசைல) இண்டெக்ஸ் வச்சிருந்தும் கொயரியோட வேர் கண்டிஷன்ல லோயர் ஃபங்ஷன் (சின்ன எழுத்தாக்கறது) போட்டா அந்த இண்டெக்ஸை ஏன் தொடமாட்டேங்குது, ஆஃப்செட் (முன்னாடி எத்தன ரோ தாண்டணும்ங்கறது) பெருசாக ஆக பக்கம் ஏன் மெதுவாகுது, இதெல்லாம் கண்ணால பாத்தா மறக்காது. (எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கொயரிய நெஜமாவே ஓட்டும், டெலீட், அப்டேட்டுக்கு போடறப்போ பிகின் போட்டு கடைசில ரோல்பேக் பண்ணிடுங்க, புரொடக்‌ஷன்ல விளையாடவே விளையாடாதீங்க.)

அடுத்து ரெண்டு டெர்மினல் திறங்க. அக்கவுண்ட்ல 1000 ரூபா, ரெண்டு பக்கமும் பிகின் போட்டு பேலன்ஸ் படிங்க, ரெண்டுலயும் 800 கழிச்சு 200ன்னு எழுதி கமிட் பண்ணுங்க. போஸ்ட்கிரெஸ்ல டிஃபால்ட்டா இருக்கற ரீட் கமிட்டட்ல (கமிட் ஆனத மட்டும் படிக்கிற லெவல்ல) ரெண்டுமே போயிடும், 1600 ரூபா வெளிய போயும் பேலன்ஸ் 200ன்னு காட்டும். படிக்கறப்பவே ரோவ பூட்டற செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு திரும்ப ஓட்டுங்க, ரெண்டாவது டெர்மினல் அப்படியே காத்து நிக்கும்.

ஏஐ கோர்ஸ் பத்தி. நீங்க எழுதுற மாதிரி ஏபிஐய ஏஐ டூல் நிமிஷத்துல எழுதிடுது, அது உண்மை, உங்க பயமும் நியாயம்தான். ஆனா மேல சொன்ன டிரான்சாக்‌ஷனல் மெத்தட அதுவும் சந்தோஷமா எழுதிக் குடுத்துடும், அதப் பாத்து இது லோடு தாங்காதுன்னு சொல்ற ஆளா நீங்க இருக்கணும். டூல தெனசரி வேலைக்கு பழகிக்கங்க, அதுக்கு 70 ஆயிரம் தேவையில்ல. படிச்சே ஆகணும்னா கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஆண்டி பாவ்லோ எடுக்கற டேட்டாபேஸ் லெக்சர் முழுசா யூடியூப்ல இலவசமா கிடக்கு, ஸ்டோரேஜ், இண்டெக்ஸ், டிரான்சாக்‌ஷன் பகுதிய மட்டும் பாத்தாலே போதும்.

ரெஸ்யூமேல "ரெஸ்ட் ஏபிஐ டெவலப் பண்ணேன்"னு இருக்கற வரிய எடுத்துடுங்க. ஆபீஸ்லயே எல்லாரும் திட்டுற ஒரு ஸ்லோ ரிப்போர்ட் கண்டிப்பா இருக்கும், லீட் கிட்ட கேட்டு அதை எடுத்துக்கங்க, எஸ்க்யூஎல் லாக ஆன் பண்ணி ஒரு ஸ்கிரீனுக்கு எத்தன கொயரி போகுதுன்னு எண்ணுங்க, 50 ஆர்டர் காட்ட 51 கொயரி (லிஸ்டுக்கு ஒண்ணு, அப்புறம் ஆர்டருக்கு ஒண்ணு) போறது ரொம்ப சகஜம். முன்ன எவ்ளோ நேரம், பின்ன எவ்ளோ, என்ன மாத்தினீங்க, இத ரெஸ்யூமேல ரெண்டு வரி எழுதுங்க. 90 நாள் நோட்டீஸ்னா முன்னாடியே பேப்பர் போட்டுட்டு தேடாதீங்க, கைல ஆஃபர் வந்தப்புறம் போடுங்க.