8 ஜிபி ரேமில் மட்டும் லினக்ஸ் டிரைவர் தரவைக் கெடுப்பது ஏன்?

2 ஜிபி கணினியில் ஒழுங்காக ஓடும் டிரைவர் 8 ஜிபியில் தரவைக் கெடுக்கிறது என்கிறீர்கள். முகவரி வெட்டுப்படுகிறது என்றுதான் சந்தேகப்படுவேன். டிஎம்ஏ முகவரியை (டிரைவர் இயக்கும் கார்டு, செயலியின் உதவியின்றி நேரடியாக நினைவகத்தில் படித்து எழுதப் பயன்படுத்தும் முகவரி) யு32 எனும் 32 பிட் மாறியில் வைத்திருக்கிறீர்களா? 4 ஜிபிக்கு மேலுள்ள முகவரி 32 பிட்டில் அடங்காது. மேல் பிட்டுகள் உதிர்ந்துவிட, கார்டு வேறு யாருடைய நினைவகத்திலோ எழுதிவிடும். கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது.

மாறியை, டிஎம்ஏ முகவரிக்கென்றே உள்ள டிஎம்ஏ_ஏடிடிஆர்_டி (dma_addr_t) வகைக்கு மாற்றுங்கள். மெய்நிகர் முகவரியை நினைவகத்தின் உண்மை முகவரியாக மாற்றும் விர்ட்_டு_ஃபிஸ் (virt_to_phys) இருந்தால் தூக்கிவிட்டு, பஃபரை கார்டுக்காக மேப் செய்யும் டிஎம்ஏ_மேப்_சிங்கிள் (dma_map_single) தரும் முகவரியையே கார்டுக்குக் கொடுங்கள். கார்டுகளின் முகவரிகளை மொழிபெயர்க்கும் ஐஓஎம்எம்யூ (IOMMU) வன்பொருள் இருக்கும் கணினியில் கார்டு காணும் முகவரியே வேறு. அப்புறம், மேப்பிங் தோல்வியடைந்ததா என்று பார்க்கும் டிஎம்ஏ_மேப்பிங்_எரர் (dma_mapping_error) சோதனை, இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கார்டே 32 பிட் என்றால் டிஎம்ஏ மாஸ்க்கையும் (கார்டு எத்தனை பிட் முகவரி வரை எட்டும் என்று கெர்னலுக்குச் சொல்லும் அமைப்பு) 32 பிட் என்றே வையுங்கள். வீமல்லாக் (vmalloc) எனும் நினைவக ஒதுக்கீட்டில் வாங்கிய பஃபரை மட்டும் டிஎம்ஏ_மேப்_சிங்கிளில் கொடுக்காதீர்கள்; அதன் பக்கங்கள் நினைவகத்தில் சிதறிக் கிடக்கும்.