புரோட்டானுக்குள் ஜோடி சேரும் குவார்க்குகள்

கேள்வி: முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கருத்தரங்குக்குப் புரோட்டான் படம் வரைய வேண்டும். சில நூல்களில் அதை ஆக்கும் அடிப்படைத் துகள்களான மூன்று குவார்க்குகள் தனித்தனியே இருக்கின்றன. சிலவற்றில் இரண்டு சேர்ந்து ‘டைகுவார்க்’ ஆக நிற்கின்றன. எதை வரைவது?

பதில்: புரோட்டானுக்கு மூன்றையும் தனியாகவே வரையுங்கள். அதற்குள் எந்த இரண்டும் நிரந்தர ஜோடி இல்லை. அதற்காக டைகுவார்க்கை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது.

நிறக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ‘நிறம்’ என்பது இங்கே கண்ணுக்குத் தெரியும் நிறமல்ல; குவார்க்குகளைப் பிணைக்கும் வலு விசைக்கு உரிய, மின்னூட்டம் போன்ற ஒரு பண்பு. குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் நிறம் முழுதாகத் தீர்ந்து மெசான் என்ற துகள் கிடைக்கும். இரண்டு குவார்க்குகள் சேர்ந்தால் தீராது. ஆனால் அவை நிறத்தில் எதிர்ச்சமச்சீராக (இரண்டையும் இடம் மாற்றினால் குறி மாறும்படி) அமைந்தால், ஜோடி வெளியே ஓர் எதிர்க்குவார்க்கின் நிறத்தைக் காட்டும். ஒரே ஒரு குளுவான் (வலு விசையைக் கடத்தும் துகள்) பரிமாறப்படுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், அப்போதும் ஈர்ப்புதான். மெசானில் உள்ளதில் சரிபாதி. மிச்ச நிறம் இருப்பதால் ஜோடியைத் தனியே வெளியே எடுக்க முடியாது.

அப்புறம் தற்சுழற்சி (ஸ்பின்), அதாவது துகளுக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தம். ஜோடியின் மொத்தத் தற்சுழற்சி 0 ஆனால் ஆற்றல் குறையும். ஆனால் ஒரே மாதிரியான இரண்டு குவார்க்குகள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலி விதி குறுக்கே வரும்: இரண்டும் ஒரே வகைக் குவார்க்காக இருந்தால், தாழ்நிலையில் தற்சுழற்சி 1 மட்டுமே சாத்தியம். எனவே அப், டவுன் என்ற இரு வேறு வகைக் குவார்க்குகளின் ஜோடிக்கு யோகம்; இரண்டு அப்களுக்கு அது இல்லை.

கருத்தரங்கில் இதை நம்ப வைக்க லாம்டா, நடுநிலை சிக்மா என்ற இரண்டு மூன்று-குவார்க் துகள்கள் போதும். இரண்டிலும் இருப்பது அதே அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச்தான். லாம்டாவின் நிறை 1116 மெகா எலக்ட்ரான் வோல்ட், சிக்மாவுக்கு 1193. லாம்டாவில் அப், டவுன் ஜோடியின் தற்சுழற்சி 0, சிக்மாவில் 1. ஸ்ட்ரேஞ்சுக்குப் பதில் கனமான பாட்டம் குவார்க்கை வையுங்கள்: நிறை இடைவெளி 77-லிருந்து 190 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் போகிறது. கனமான குவார்க்கின் தற்சுழற்சி மற்ற இரண்டையும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஜோடியின் சொந்த வேறுபாடு அப்போது பளிச்சென்று தெரியும். எனக்குப் பிடித்த சான்று இதுதான்.

சரி, ஜோடியாக எங்கே வரையலாம்? பாட்டம் உள்ள லாம்டாவில் தாராளமாக. 2017-இல் செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி ஆய்வுக் குழு கண்டறிந்த, இரண்டு சார்ம் குவார்க்குகள் கொண்ட க்ஸை துகளிலும் வரையலாம். ஆனால் அங்கே சார்ம் ஜோடியின் தற்சுழற்சி 1; அவற்றை நெருக்கி வைப்பது தற்சுழற்சி அல்ல, கனம். இந்த இரண்டு ஜோடிகளையும் ஒரே படத்தில் ஒரே மாதிரி வரைந்துவிடாதீர்கள்.