லோடு இறக்கும் முன் டிப் அடியுங்கள்: எரிபொருள் சிந்தல், கசிவு – கேள்வி பதில்

டேங்கில் ஆட்டோமேட்டிக் கேஜ் வைத்துவிட்டோம். இனியும் ஒவ்வொரு லோடுக்கும் டிப் ராடு (டேங்குக்குள் இறக்கி எரிபொருள் மட்டத்தை அளக்கும் கோல்) போட வேண்டுமா?

வேண்டும். கேஜ் சரியாகத்தான் காட்டுகிறதா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று டேங்க் நிறைந்துகொண்டே இருந்தது, கேஜ் காட்டிய அளவு மட்டும் அசையாமல் நின்றது. மட்டம் எல்லை மீறினால் வரத்தை நிறுத்த, அதற்கும் மேலே காவலுக்கு இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்து வைக்க வேண்டிய பூட்டு மாட்டப்படவே இல்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்து, ஆவி பரவி வெடித்தது.

20,000 லிட்டர் டேங்கை 95 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, அதாவது 19,000. டிப்பில் 8,500 வந்தால் 10,500தான் கொள்ளும். லாரியின் அறையில் 12,000 இருந்தால் ஹோஸை மாட்டவே வேண்டாம். கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம் என்று தொடங்கும் இடத்தில்தான் வழிகிறது.

லாரி ஹோஸைக் கழற்றும்போது எப்போதும் சிந்துகிறது. ஃபில் பாயிண்டில் (டேங்கில் ஹோஸை மாட்டும் வாய்) சிந்துவதைப் பிடிக்கத் தொட்டி இருக்கிறதே, போதாதா?

போதாது. நான்கு அங்குல விட்டமும் நான்கு மீட்டர் நீளமும் உள்ள ஹோஸ் முப்பது லிட்டர் பிடிக்கும். ஃபில் பாயிண்ட் தொட்டி பெரும்பாலும் இருபதைத் தாண்டாது. லாரி வால்வை மூடிய பிறகு ஹோஸை லாரிப் பக்கத்திலிருந்து கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே வந்து, உள்ளே இருப்பதை டேங்குக்குள் வடித்துவிட்டுக் கழற்றுங்கள். எர்த் கம்பியைக் கடைசியாக எடுங்கள். டேங்க் மிகையாக நிறைந்து உள்வால்வு மூடிக்கொண்டால் அந்த முப்பது லிட்டர் வடிய இடமே இருக்காது. அதனால் மறுபடியும் சொல்கிறேன், முன்னாலேயே டிப் அடியுங்கள்.

தரையில் டீசல் சிந்தினால் சோப்புப் பவுடர் போட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறோம். தரை பளிச்சென்று ஆகிவிடுகிறது. சரிதானே?

சரியில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தரை பளிச்சென்று இருப்பதற்குக் காரணம், டீசல் உங்கள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட்டது என்பதுதான்.

வடிகாலின் முடிவில் இருக்கும் எண்ணெய் பிரிப்பான் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தண்ணீர் அதில் மெதுவாக நகர்கிறது. எண்ணெய் மேலே மிதந்து தங்க, அடியிலிருக்கும் தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது. இதற்கு எண்ணெய்த் துளி பெரிதாக இருக்க வேண்டும். சோப்பு அதை நுண்துளிகளாக உடைத்துவிடும். துளியின் விட்டம் பத்தில் ஒன்றானால், மேலே வரும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். அது மிதந்து வருவதற்குள் தண்ணீரோடு வெளியே போய் மண்ணிலோ ஓடையிலோ கலந்துவிடும். நீங்கள் பணம் போட்டுக் கட்டிய பிரிப்பான் அங்கே வெறும் குழாய்தான்.

பெட்ரோலுக்குத் தண்ணீர் அடிப்பது இதைவிட மோசம். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்தபடி வடிகாலுக்குள் ஓடும். அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. சாக்கடைக்குள் தேங்கி, வெகு தூரத்தில் யாரோ கிழிக்கும் தீக்குச்சிக்குக் காத்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் கசிவின் மூலத்தை நிறுத்துங்கள். பக்கத்தில் எஞ்சினோ சுவிட்சோ இயக்கக் கூடாது. வடிகால் வாயை ரப்பர் விரிப்பால் மூடுங்கள். மணலையோ உறிஞ்சு துகளையோ வெளி விளிம்பைச் சுற்றி முதலில் போட்டு, பிறகு உள்நோக்கி வாருங்கள். நடுவில் கொட்டினால் எண்ணெய் விலகி இன்னும் பரவும். உறிஞ்சியதைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, மூடியுள்ள டிரம்மில் போட்டு, அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள். பெட்ரோல் பெரிய அளவில் சிந்தினால் ஆட்களை விலக்கித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், துடைப்பத்தைத் தொடாதீர்கள். எதுவானாலும் தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டவே வேண்டாம்.

மணலுக்குப் பதில் மரத்தூள்?

கூடாது. அதுவே எரியும்.

கசிந்த எண்ணெய் வெளியே போகாமல் தடுக்க எங்கள் டேங்குகளைச் சுற்றி எவ்வளவு உயரத்துக்குச் சுவர் கட்ட வேண்டும்?

டேங்கின் கொள்ளளவும் இடத்தின் அளவும் இல்லாமல் உயரம் மட்டும் கேட்டால் என்ன சொல்வது? கணக்கை நீங்களே போடுங்கள். சுவருக்குள் இருப்பதில் மிகப் பெரிய டேங்கின் கொள்ளளவோடு பத்து சதவீதம் கூட்டுங்கள். 20,000 லிட்டர் டேங்குக்கு 22,000 வரும். உள் இடம் 8க்கு 5 மீட்டர் என்றால் 55 சென்டிமீட்டர். மற்ற டேங்குகளும் பீடங்களும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் உயரம் இன்னும் கூடும். கட்டி முடித்ததும் குழாய் நுழையும் துளைகளை அடைத்துவிடுங்கள். அடைக்காத ஒரு துளை போதும், முழுச் சுவரும் வீண்.

பம்புக்கு அடியில் ஒரு இணைப்பில் சொட்டுச் சொட்டாக வடிகிறது. அடுத்த சர்வீஸ் வரை விடலாமா?

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு நான்கு லிட்டர், மாதத்துக்கு நூற்றிருபதுக்கு மேல். இன்றே அந்தப் பம்பை நிறுத்துங்கள்.

லோடு இறக்கிச் சில நாட்களில் பெட்ரோல் எண்பது லிட்டர் குறைகிறது. டேங்க் ஓட்டையா?

உடனே பயப்பட வேண்டாம். பெட்ரோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கும். 12,000 லிட்டர் லோடு ஏழு டிகிரி குளிர்ந்தாலே எண்பதுக்கு மேல் குறையும். லோடு வராத நாட்களிலும் குறைந்துகொண்டே போனால்தான் சந்தேகம். விற்பனை இல்லாத இரவில் முதலிலும் கடைசியிலும் டிப் அடியுங்கள், கோலின் நுனியில் வாட்டர் பேஸ்ட் (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) தடவி, டேங்கின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால் ஓட்டை வழியாக எண்ணெய் வெளியே போவதற்குப் பதில் தண்ணீர் உள்ளே வரும். டிப்பை முழுதாக நம்பியும் இருக்காதீர்கள். 20,000 லிட்டர் டேங்கில் நடுமட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது பத்துப் பன்னிரண்டு லிட்டர். சிறு கசிவு அதற்குள் ஒளிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் கசிவுச் சோதனைக்கு ஆளை வரவழையுங்கள்.

மழை பெய்தால் சுற்றுச்சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது என்று வடிகால் வால்வைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

அப்படியானால் உங்களிடம் சுவர் இருந்தும் இல்லை. வால்வை மூடிப் பூட்டுங்கள். அதற்காகத் தண்ணீரை உள்ளேயே விட்டுவைக்கவும் கூடாது. மேலே சொன்ன 8க்கு 5 மீட்டர் இடத்தில் பத்து சென்டிமீட்டர் மழைநீர் நாலாயிரம் லிட்டர் இடத்தை அடைத்துவிடும். மழை விட்டதும் ஒருவர் போய்ப் பார்க்கட்டும். எண்ணெய்ப் படலம் மின்னினால் உறிஞ்சு விரிப்பால் எடுத்த பிறகு பிரிப்பான் வழியாக விடுங்கள். தண்ணீர் வடிகிறவரை அவர் வால்வுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், மூடிப் பூட்டிவிட்டுத்தான் நகர வேண்டும்.