வசூலுக்கு வருபவர் 'எங்கள் ஆள் இல்லை' என்று கம்பெனி சொன்னால்?

கேள்வி: பிரதமர் ஆவாஸ் யோஜனா மானியத்தோடு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கினோம். இரண்டு தவணை தவறிவிட்டது. வசூலுக்கு வருபவர் இரவு 9 மணிக்குப் போன் செய்கிறார். ரொக்கமாகக் கொடுத்த 10,000 ரூபாய் கணக்கில் ஏறவில்லை. கம்பெனியோ, "அவர் ஏஜென்சி ஆள்" என்று கைகழுவுகிறது. கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: கொடுக்கலாம், ஆனால் பெரிதாகப் பலன் இருக்காது. அரசு தந்தது வட்டி மானியம் மட்டும்தான், கடன் கம்பெனியுடையது. இத்தகைய நிறுவனங்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து விதி வகுப்பது ரிசர்வ் வங்கி. மேற்பார்வையும் வாடிக்கையாளர் புகாரும் தேசிய வீட்டுவசதி வங்கியின் பொறுப்பு. பலர் நேராக ரிசர்வ் வங்கிக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பது இது தெரியாமல்தான்.

"ஏஜென்சி ஆள்" என்ற பதில் செல்லாது. வசூல் வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையதே. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அதனால் ஏஜெண்டோடு மல்லுக்கட்டாதீர்கள், கம்பெனியைப் பிடியுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. கடன் எண், அழைப்பு வந்த தேதி, நேரம், போனின் அழைப்புப் பட்டியல் படம், பணம் கொடுத்த அன்று கையில் தந்த சீட்டு, சமீபத்திய கணக்கு அறிக்கை எல்லாம் இணையுங்கள். 10,000 ரூபாய்க்கு அந்தச் சீட்டுதான் உயிர். அது வெறும் வெள்ளைத்தாளாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, தேசிய வீட்டுவசதி வங்கியின் 'கிரிட்ஸ்' இணையதளத்தில் அதே ஆவணங்களோடு புகாரைப் பதியுங்கள். மிரட்டல் இருந்தால் அதற்குக் காவல் நிலையம், காத்திருக்க வேண்டாம்.

இனி ரொக்கம் வேண்டாம், கணக்கு வழியாகவே கட்டுங்கள். அப்புறம், "நாளைக்கே வீட்டுக்குப் பூட்டுப் போடுவோம்" என்றால் பயப்படாதீர்கள். கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றம் போகாமலே கையகப்படுத்த வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி, தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையாகிக் கடன் வாராக்கடன் ஆன பிறகுதான் நோட்டீஸ் வரும். அதன்பின் 60 நாள் அவகாசம் உண்டு. நிலுவையைக் கட்டவோ, தவணையை மாற்றியமைத்துத் தரக் கேட்கவோ அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.