வாசகர் கேள்வி – பதில்: பனிக்கண்டத்துக் குளிர்காலமும் மனமும்

கேள்வி: என் மகன் டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக். அண்டார்க்டிகாவிலுள்ள நம் நாட்டு மைத்ரி நிலையத்தின் குளிர்காலக் குழுவில், ஓராண்டுக்கும் மேல் தங்கிப் பணியாற்றத் தேர்வாகியிருக்கிறான். அங்கே போனவர்களுக்கு மனம் பேதலித்துவிடும் என்று உறவினர்கள் சொல்வது, குளிரைவிட எனக்கு அச்சமாக இருக்கிறது. அப்படி நடக்குமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: பேதலிக்கும் அளவுக்குப் போவது மிக அரிது, அம்மா. ஆனால் ஒன்றுமே ஆகாது என்று நான் எழுதினால் அது உங்களை ஏமாற்றுவதாகும். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்குவோரில் பலருக்குத் தூக்கம் கெடுகிறது. அற்ப விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறது. படித்த பக்கத்தையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பார்வை எங்கோ நிலைகுத்திப் போகிறது. மைத்ரியில் மே மாதக் கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழுவதில்லை. வெளிச்சத்தைக் கொண்டுதான் நம் உடல் இரவையும் பகலையும் கணக்கிடுகிறது என்பதால், அது இல்லாத இடத்தில் தூக்கமும் பசியும் நேரம் தவறுகின்றன. நீண்ட குளிரில் தைராய்டு ஹார்மோன்களின் அளவு மாறுவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே அந்தச் சோர்வையும் மறதியையும் மன உறுதி இல்லாததன் அடையாளம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

உறவினர்கள் சொல்லும் கதைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1898இல் பெல்ஜிகா என்ற கப்பல் அண்டார்க்டிகக் கடற்பனியில் சிக்கி, ஓராண்டு நகர முடியாமல் நின்றது. சூரியன் மறைந்த வாரங்களில் மாலுமிகள் சிலருக்கு மனநிலை பிறழ்ந்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயும் சேர்ந்துகொண்டது. கப்பல் மருத்துவர் ஃபிரெடெரிக் குக், அவர்களை அடுப்பு வெளிச்சத்தின் முன் தினமும் நிற்க வைத்தார். பெங்குவின், சீல் இறைச்சியை வற்புறுத்தி உண்ணச் செய்தார். ஆனால் அவர்கள் குளிர்காலத்துக்கான ஆயத்தம் போதாமல் சிக்கிக்கொண்டவர்கள். உங்கள் மகனோ உடல், மனப் பரிசோதனைகளும், இமயமலைப் பகுதியான ஆலியில் பனிப் பயிற்சியும் முடித்து, மருத்துவர் உள்ள நிலையத்துக்குப் போகிறவர்.

2019இல் வெளியான ஆய்வு ஒன்றையும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அண்டார்க்டிகாவிலுள்ள ஜெர்மனியின் நாய்மாயர் நிலையத்தில் 14 மாதம் தங்கிய ஒன்பது பேரின் மூளையில், நினைவாற்றலுக்குத் தொடர்புடைய ஒரு சிறு பகுதி சராசரியாக 7 சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒன்பது பேரை மட்டும் வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே காட்சி, ஒரே சுவர், ஒரே மனிதர்கள் என்ற மாற்றமின்மை மூளையையும் தொடுகிறது என்ற அளவில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இருளையும் குளிரையும்விட இந்த மாற்றமின்மையே கடினம் என்பது என் கருத்து. உடன் இருப்பவர் தேநீர் கலக்கும்போது கரண்டியை டம்ளரில் மூன்று முறை தட்டுவது மார்ச் மாதத்தில் யார் காதிலும் விழுவதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் அதே ஓசை கேட்டுச் சிலர் சாப்பாட்டு அறையைவிட்டு எழுந்து போவார்கள். பாதிக் காலம் கழிந்த பிறகு, இன்னும் இத்தனை மாதம் பாக்கியா என்று மனம் தளர்வதை 1991இல் பெக்டெல், பெர்னிங் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் அது உறுதிப்படவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. மாஸ்கோவில் 2010–11இல் ஆறு பேரை 520 நாட்கள் அடைத்துவைத்து, செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக நடத்திய மார்ஸ்-500 சோதனையில், ஒருவருக்கு நீடித்த மனச்சோர்வு வந்தது. இருவருக்கு எந்தக் குறையும் தென்படவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொலைபேசியில் கெட்ட செய்திகளை மறைக்காதீர்கள். வீட்டில் அப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை என்றால் அது உங்கள் குரலிலேயே தெரிந்துவிடும். பிறகு அவர் அங்கே உட்கார்ந்து, நடந்ததைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வார். மார்ச் முதல் அக்டோபர் வரை கப்பலோ விமானமோ கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு, உடனே கிளம்பி வரும் வாய்ப்பும் இல்லை. ஆகவே நடந்ததையும், அதற்கு யார் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மோட்டார் பழுதானது, மாடி வீட்டுக்காரர் ஆள் அழைத்து வந்து சரிசெய்தார் என்பது போன்ற சில்லறைச் செய்திகளைத்தான் அவர் மிகவும் விரும்பிக் கேட்பார்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே வேலை செய்பவன், தனிமை எனக்குப் பிடிக்கும். இத்தகைய நிலையங்களுக்கு என்னைப் போன்றவர்கள்தானே பொருத்தம்?
— வாசகர், வேளச்சேரி

பதில்: அங்கே தனிமை கிடைக்காது என்பதுதான் சிக்கல். இருபது பேருக்கு மேற்பட்டோர் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, முறை போட்டுச் சுத்தம் செய்து வாழ வேண்டும். பிடிக்காதவரிடமிருந்து விலகிப் போக வெளியே தெரு கிடையாது. அப்படிப் பழகும் பொறுமை உங்களுக்கு இருந்தால் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: விண்வெளி வீரர்கள் ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தார்களாமே?
— மாணவர், கிண்டி

பதில்: அது ஊதிப் பெருத்த கதை. 1973–74இல் ஸ்கைலேப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் 84 நாட்கள் இருந்த மூவருக்கும் அது முதல் விண்வெளிப் பயணம். பழகிக்கொள்ள அவகாசமே தராமல், தரையிலிருந்தவர்கள் நிமிடக் கணக்கில் வேலையை அடுக்கினார்கள். டிசம்பர் கடைசியில் இரு தரப்பும் மனம்விட்டுப் பேசின, அட்டவணை தளர்த்தப்பட்டது, வேலையும் விரைந்தது. பேச மறந்த வாரங்கள்தான் அங்கே உண்மையான கோளாறு.

கேள்வி: என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். சைன் ஆஃப் ஆகி, அதாவது ஒப்பந்தம் முடிந்து கப்பலிலிருந்து இறங்கி வந்த முதல் சில வாரங்கள் யாரிடமும் பேசுவதில்லை. சிறு சத்தத்துக்கும் சீறுகிறார். இது நோயா?
— வாசகி, ராயபுரம்

பதில்: பெரும்பாலும் இல்லை. நான்கு மணி நேர வாட்ச் (காவல் பணி முறை), எட்டு மணி நேர இடைவெளி என்று மாதக்கணக்கில் துண்டு துண்டாகத் தூங்கியவருக்கு, இரவு முழுவதும் படுத்துக் கிடப்பதே புதிதாக இருக்கும். அவர் இல்லாத மாதங்களில் வீட்டு நிர்வாகம் முழுவதும் உங்கள் கைக்கு வந்திருக்கும். வந்தவுடன் அவர் அதில் தலையிட்டாலும் உங்களுக்குக் கோபம், தலையிடாவிட்டாலும் கோபம். முதல் வாரத்தில் விருந்து, கல்யாணம், கடன் கணக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலுமிகளைத் தொடர்ந்து 12 மாதத்துக்குக் குறைவாகவே கப்பலில் வைத்திருக்கலாம் என்று சர்வதேச விதி இருந்தும், கொரோனாக் காலத்தில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் தவித்தார்கள். அப்படி நீண்ட பயணம் முடித்து வந்தவர் சமநிலைக்குத் திரும்பக் கூடுதல் காலம் எடுப்பது இயல்பே. ஆனால் ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மை நீடித்தாலோ, குடி கூடினாலோ, வாழ்வில் பிடிப்பில்லை என்று அவர் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்ப்பதென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு அவரோடு நீங்களும் செல்லுங்கள். வீட்டில் நீங்கள் கவனித்தவற்றை அவர் தானாகச் சொல்லமாட்டார்.